மூன்றாந்தரப்புச் செயலிகளை வலையமைப்பு முகாமைத்துவ மென்பொருளோடு இணைத்தல்: வன்னியிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டறை ஒன்றில் இராவேலை பார்த்துத் தொடங்கி, பிறகு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலைக்கு வந்தவன் நான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் டவர் வேலை செய்யும் தம்பிமாரும், அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும், சின்ன அளவில் இணைய இணைப்புக் கொடுக்கும் ஓரிருவரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரே பதிலைப் பத்துத் தடவை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பிக் களைத்துப்போனதுதான் இதை எழுதக் காரணம்.

மூன்றாந்தரப்புச் செயலி என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு நிறுவனம் டவரில் பூட்டும் கருவிகளை ஓர் உற்பத்தியாளரிடம் வாங்கும். அவர் தன் கருவிகளைப் பார்க்கத் தன் மென்பொருளையும் சேர்த்துத் தருவார். அது அவருடைய பிள்ளைகளை நன்றாகப் பார்க்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் திரும்பியும் பாராது. ஜெனரேற்றர், பற்றரி, டவர் அறைக் கதவு, பழுதுச் சீட்டு எழுதும் மென்பொருள், வரைபடம், கருவி இருப்புப் பதிவேடு, வாடிக்கையாளர் முறைப்பாடு எல்லாமே வேறு வேறு ஆட்களுடையவை. இந்த மற்றவற்றைத்தான் மூன்றாந்தரப்பு என்கிறோம். வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் அந்த முகாமைத்துவ மென்பொருளை இனி எல்லாரும் சொல்வதுபோல என்எம்எஸ் என்றே எழுதுகிறேன்.

தனித்தனியாக எல்லாம் ஒழுங்காகத்தானே ஓடுகின்றன. ஏன் இணைக்க வேண்டும்?

ஒரு கார்த்திகை மாத இரவைச் சொல்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கத்து டவர் ஒன்றில் 9.40க்குக் கரண்ட் போனது. மின்சாரத்தைப் பார்க்கும் திரையில் அது ஒரு மஞ்சள் வரி. மழைக்காலத்தில் அப்படி இருபது மஞ்சள் வரி நிற்கும். ஜெனரேற்றர் ஓடத் தொடங்கவில்லை என்பது வேறொரு கொம்பனியின் திரையில் விழுந்தது. அந்தத் திரையை இரவில் பார்க்க ஆளில்லை. பற்றரியில் டவர் தொடர்ந்து ஓடியது. அதிகாலை 1.30க்குப் பற்றரி தீர்ந்து டவர் விழுந்தபோதுதான் எங்கள் என்எம்எஸ்ஸில் சிவப்பு எரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது ‘டவர் பேசவில்லை’ என்ற ஒன்று மட்டுமே.

டெக்னீசியன் மாங்குளத்திலிருந்து ரேடியோக் கார்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். முல்லைத்தீவு வீதியில் இரவில் யானை நிற்கும், மெல்லத்தான் போகலாம். அங்கே போய்ப் பார்த்தால் ஜெனரேற்றரின் ஸ்டார்ட்டர் பற்றரி செத்துக் கிடக்கிறது. கையில் இருப்பதோ ரேடியோக் கார்ட். திரும்பிப் போய் எடுத்து வர விடிந்துவிட்டது.

9.40க்கும் 1.30க்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் எங்கள் கையில் இருந்தது. கரண்ட் இல்லை, ஜெனரேற்றரும் ஓடவில்லை என்ற இரண்டு செய்தியும் ஒரே திரையில் அடுத்தடுத்து வந்திருந்தால், பத்து மணிக்கே சரியான சாமானோடு ஆள் போயிருக்கும். கொழும்பில் அடுத்த டவருக்கு நடந்தே போகலாம். இங்கே ஒரு பிழையான பயணம் அரை நாள்.

‘வடக்கு முகம்’, ‘தெற்கு முகம்’ என்கிறார்களே?

படம் வரையும்போது கருவிகளைக் கீழேயும், என்எம்எஸ்ஸை நடுவிலும், மற்றச் செயலிகளை மேலேயும் வரைவது வழக்கம். வரைபடத்தில் மேல்பக்கம் வடக்கு அல்லவா, அதனால் மேலே தகவல் கொடுக்கும் வாசல் வடக்கு முகம். கீழே கருவியோடு பேசும் வாசல் தெற்கு முகம். அவ்வளவுதான். முதல் தடவை ‘வடக்கு இணைப்பு வேலை’ என்று கேட்டபோது யாழ்ப்பாணத்துக்கு ஃபைபர் இழுக்கப் போகிறார்கள் என்று நினைத்தவன் நான்.

பழுதுச் சீட்டு, வரைபடம், எச்சரிக்கை மெசேஜ் எல்லாம் வடக்கு முகத்தில் வரும். ஜெனரேற்றர், பற்றரி, கதவு உணரி எல்லாம் தெற்கு முகத்தில் வரும். உங்கள் வேலை எந்த முகத்தில் என்பதை முதலில் தெளிவாக்குங்கள். இரண்டுக்கும் பேச வேண்டிய ஆட்களும் தேவைப்படும் அனுமதிகளும் வேறு.

இணைக்க என்னென்ன வழிகள் உண்டு? எது நல்லது?

பழையதும் எங்கும் கிடைப்பதும் எஸ்என்எம்பி, கருவியின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை. 1988இல் வந்தது, இன்றைக்கும் சந்தையில் வாங்கும் அநேகமான ரவுட்டர், யுபிஎஸ் எல்லாம் இதைப் பேசும். 161ஆம் போர்ட்டில், அதாவது செய்தி நுழையும் எண்ணிட்ட வாசலில், நாங்கள் கேட்போம், கருவி பதில் சொல்லும். கருவி தானாகக் கூப்பிட்டுச் சொல்வது ட்ராப்; அது 162ஆம் போர்ட்டுக்கு வரும். சிஸ்லாக் என்பது கருவி எழுதும் நாட்குறிப்பை வரி வரியாக அனுப்புவது. நெட்கொன்ஃப் என்பது நிலையைப் பார்ப்பதோடு அமைப்பை மாற்றவும் வசதியாகச் செய்யப்பட்டது. மாற்றம் செய்யத் தேவையில்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரு மென்பொருள் மற்றதோடு பேசத் திறந்துவைக்கும் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். மேலேயுள்ள செயலிகளோடு பேச இன்றைக்கு ரெஸ்ட் வகை ஏபிஐதான் வழமை. ஒரு முகவரிக்குக் கேள்வி அனுப்பினால் ஜேசன் என்ற எழுத்து வடிவில் பதில் வரும். ஏதாவது நடந்தவுடன் என்எம்எஸ்ஸே மற்றச் செயலியின் முகவரியைத் தட்டுவதற்கு வெப்ஹூக் என்று பெயர். தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கென்றே டிஎம் ஃபோரம் பொதுவான ஏபிஐகளை வகுத்து வைத்திருக்கிறது. எச்சரிக்கைகளுக்கு டிஎம்எஃப் 642, பழுதுச் சீட்டுக்கு டிஎம்எஃப் 621, கருவி இருப்புக்கு டிஎம்எஃப் 639. விற்க வருபவரிடம் இந்த எண்களைச் சொல்லிக் கேளுங்கள். உண்டு, இல்லை என்று நேராகப் பதில் வராவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

எது நல்லது என்றால், இரு பக்கத்துக்கும் ஏற்கெனவே தெரிந்தது எதுவோ அது. மணிக்கொரு தடவை ஒரு கோப்பை எழுதிவைத்து அடுத்தவர் எடுத்துப் போவதும் இணைப்புத்தான். இருப்புப் பதிவேட்டுக்கு அது தாராளமாகப் போதும். எச்சரிக்கைக்குப் போதாது.

என்எம்எஸ்ஸின் தரவுத்தளத்தை நேரடியாக வாசித்தால் சுலபமல்லவா?

தண்ணீர் எடுக்கத் துருசு இருக்கக் குளக்கட்டை வெட்டலாமா? முதல் நாள் சுலபமாகத்தான் வரும். அடுத்த பதிப்பில் உற்பத்தியாளர் அட்டவணையின் பெயரை மாற்றுவார், உங்களுக்குச் சொல்லமாட்டார், சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கில்லை. பிழையான ஒரு தேடலை நீங்கள் ஓடவிட்டால் முழு என்எம்எஸ்ஸும் நின்றுவிடும். செய்யாதீர்கள்.

ட்ராப் சிலது வருகிறது, சிலது வரவில்லை. எங்கே பிழை?

பிழை என்று சொல்ல முடியாது. ட்ராப் யுடிபி என்ற அனுப்பும் முறையில் போகிறது. அனுப்பியவர் அனுப்பியதோடு சரி. சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. மழையில் மைக்ரோவேவ் லிங்க் தள்ளாடும் நேரத்தில்தான் ட்ராப் அதிகம் பிறக்கும், அதே நேரத்தில்தான் அதிகம் தொலையும். எது முக்கியமோ அது வராமல் போவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

மூன்று வேலை செய்ய வேண்டும். கருவி ‘இன்ஃபோர்ம்’ அனுப்பக்கூடியதென்றால் ட்ராப்புக்குப் பதில் அதை வையுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் கருவி திரும்ப அனுப்பும். இரண்டாவது, ட்ராப்பை மட்டும் நம்பியிராமல் சில நிமிடங்களுக்கொரு தடவை நீங்களும் கேளுங்கள். மூன்றாவதைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள்: லிங்க் அறுந்து திரும்ப வந்தவுடன், ‘இப்போது உன்னிடம் நிற்கும் எச்சரிக்கைகள் எவை’ என்று முழுப்பட்டியலையும் கேட்டு வாங்கி, உங்களிடம் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சரியாகிவிட்ட பழுது திரையில் மூன்று நாள் சிவப்பாகவே நிற்கும். நான்காம் நாள் கட்டுப்பாட்டறையில் யாரும் சிவப்பைப் பார்க்கமாட்டார்கள்.

எங்கள் ஜெனரேற்றருக்கு எஸ்என்எம்பி தெரியாதாம்.

பெரும்பாலும் அது மொட்பஸ் பேசும். 1979இல் மொடிகொன் என்ற நிறுவனம் தொழிற்சாலைக் கருவிகளுக்காகச் செய்தது, இன்னும் சாகவில்லை. ஜெனரேற்றர்க் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்னால் ஆர்எஸ்-485 என்று எழுதிய இடத்தில் இரண்டு கம்பி பூட்டி, கேட்வே என்ற ஒரு சிறிய இடைப்பெட்டி ஊடாக வலையமைப்புக்குக் கொண்டுவரலாம். கேட்வேயே எஸ்என்எம்பியாக மாற்றித் தரும் வகையும் உண்டு.

மொட்பஸ்ஸில் எல்லாரும் விழும் குழிகள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கருவி ஒவ்வோர் அளவையும் வைத்திருக்கும் எண்ணிட்ட இடம்தான் ரெஜிஸ்டர். கையேட்டில் 40001 என்று எழுதியிருக்கும் ரெஜிஸ்டர், கம்பியில் கேட்கும்போது 0ஆம் முகவரி. ஒன்று தள்ளிக் கேட்டால் டீசல் மட்டத்துக்குப் பதிலாக எஞ்சின் வெப்பநிலை வரும். எண்ணும் நம்பக்கூடிய எண்ணாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. அடுத்தது தசமப்புள்ளி. பற்றரி வோல்ட் 534 என்று வந்தால் அது 53.4. நாற்பத்தெட்டு வோல்ட் அமைப்பில் கரண்ட் இருக்கும்போது ஐம்பத்துநான்குக்குக் கிட்டத்தானே நிற்கும். எண் வந்தவுடன் ‘இது நடக்கக்கூடிய எண்ணா’ என்று மனிதக் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். பெரிய எண்களை இரண்டு ரெஜிஸ்டரில் பிரித்து வைத்திருப்பார்கள். எது முதல் பாதி என்பது கருவிக்குக் கருவி மாறும்.

மொட்பஸ்ஸில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. வாசிக்க முடிந்த அதே கம்பியில் எழுதவும் முடியும். எழுதினால் ஜெனரேற்றர் நிற்கவும் கூடும். ஆகவே வாசிக்கும் கட்டளைகளை மட்டும் கேட்வேயில் அனுமதியுங்கள். டவர் அறைக்கு வெளியே மொட்பஸ்ஸின் 502ஆம் போர்ட் தெரியவே கூடாது.

மிப் கோப்பைக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள்.

எஸ்என்எம்பியில் ஒவ்வொரு தகவலுக்கும் நீண்ட எண் ஒன்று இருக்கிறது. நிறுவனங்களின் சொந்தக் கருவிகளுக்கு அது 1.3.6.1.4.1 என்று தொடங்கும். அடுத்த எண் நிறுவனத்துடையது. சிஸ்கோவுக்கு 9, ஹுவாவேக்கு 2011, மைக்ரோடிக்குக்கு 14988. அதற்குப் பிறகு வரும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்று சொல்லும் அகராதிதான் மிப். அது இல்லாமலும் எண்கள் வரும், பொருள் தெரியாது. யுபிஎஸ் என்றால் ஆர்எஃப்சி 1628 என்ற இணையத் தர ஆவணத்தில் பொது மிப் இருக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். மற்றவற்றுக்கு, காசு கொடுக்க முதல் கேட்டால் தருவார்கள், கொடுத்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள். இது என் அனுபவம், விதிவிலக்கு இருக்கலாம். வாங்கும் ஒப்பந்தத்தில் ‘மிப், ஏபிஐ கையேடு, வடக்கு முக உரிமம் மூன்றும் விலைக்குள் அடக்கம்’ என்று ஒரு வரி எழுதுவியுங்கள். வடக்கு முகத்துக்குத் தனி உரிமக் கட்டணம் கேட்கும் பழக்கம் இந்தத் தொழிலில் நன்றாகவே உண்டு.

எல்லாம் இணைத்தாயிற்று. ஆனால் பழுதுச் சீட்டு பிழையான டவருக்குப் போகிறது. ஏன்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன் என்றும் சொல்லலாம். இணைப்பு வேலையில் நெறிமுறை கால்வாசி, மிச்சம் பெயர்.

எங்கள் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முறிகண்டி என்பார் ஒருவர், முருகண்டி என்பார் இன்னொருவர். முடிவில் ஒருவர் ‘ஐ’ போடுவார், மற்றவர் ‘வை’ போடுவார். புதுக்குடியிருப்புக்கு எத்தனை ‘கே’, ‘டி’க்குப் பிறகு ‘எச்’ உண்டா இல்லையா என்று மூன்று அலுவலகம் மூன்று விதமாக எழுதியிருக்கும். சிலர் மூன்றெழுத்தில் சுருக்கிவிடுவார்கள். மட்டக்களப்பிலும் ஒரு புதுக்குடியிருப்பு இருக்கிறது என்பது கொழும்பில் சீட்டு எழுதுபவருக்கு நினைவில் இருக்காது. குளத்தில் முடியும் ஊர்களை எண்ண வெளிக்கிட்டால் வன்னியில் விடிந்துவிடும்.

அதோடு டவர் ஒருவருடையது, அதில் வாடகைக்கு ஏறியிருப்பவர் இரண்டு மூன்று பேர். டவர்க்காரர் ஒரு குறியீடு வைத்திருப்பார், வாடகைக்காரர் தம்முடையதை வைத்திருப்பார். ஜெனரேற்றரைப் பராமரிப்பவர் தன் பட்டியலில் ‘அம்மன் கோயிலடி’ என்று எழுதியிருப்பார். அவரைப் பிழை சொல்ல முடியாது. அவருக்கு வழி தெரிவது அந்தப் பெயரில்தான்.

இணைக்கும் மென்பொருள் எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும். ஓர் எழுத்து மாறினால் அதற்கு அது வேறு ஊர். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஜெனரேற்றர் எச்சரிக்கை எந்த டவரோடும் சேராமல் ஒரு மூலையில் தேங்கும். அல்லது, இதைவிட மோசமாக, ‘கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது’ என்று யாரோ எழுதிய நிரல் அதைப் பக்கத்து ஊர் டவரோடு சேர்த்துவிடும். கிட்டத்தட்டப் பொருத்தும் நிரலை ஊர்ப் பெயருக்கு ஒருபோதும் பாவிக்காதீர்கள்.

நான் செய்வது இதுதான். எந்த இணைப்புக்கும் முதல் ஒரு தாளைத் திறப்பேன். ஒவ்வொரு டவருக்கும் பொருளில்லாத ஓர் எண், ஊர்ப் பெயர் கலக்காத வெறும் எண். பக்கத்தில் ஒவ்வொரு தரப்பும் அந்த டவருக்கு வைத்திருக்கும் பெயர், ஒவ்வொன்றும் தனிப் பத்தியில். கடைசியில் அகலாங்கு, நெட்டாங்கு. அகலாங்கை அலுவலகக் கோப்பிலிருந்து எடுப்பதில்லை. டெக்னீசியன் டவரடியில் நின்று தொலைபேசியில் பார்த்து அனுப்ப வேண்டும். கோப்பில் உள்ள புள்ளி சில வேளை காணிக்காரரின் வீட்டைக் காட்டும்; ஒரு தடவை குளத்தின் நடுவையே காட்டியது. பிறகு எல்லா மென்பொருளும் அந்த எண்ணைக் கொண்டே ஒன்றையொன்று அடையாளம் காண வேண்டும். திரையில் காட்ட மட்டும் பெயர்.

இந்தத் தாளுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். வாய்க்கால் தண்ணீருக்கு வட்டவிதானை ஒருவர் இருப்பதுபோல. புது டவர் எழும்பினாலும் பழையது கழன்றாலும் முதல் மாற்றம் அவர் கையால் இந்தத் தாளில். எல்லாரும் திருத்தலாம் என்று விட்டால் ஆறு மாதத்தில் திரும்பவும் மூன்று முறிகண்டி.

ஒருவர் ‘கிரிட்டிக்கல்’ என்பதை மற்றவர் ‘மைனர்’ என்கிறார். எப்படி ஒப்பிடுவது?

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு வகுத்த எக்ஸ்.733 என்ற விதியில் ஆறு நிலைகள் உண்டு: கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வோர்னிங், நிலை தெரியாதது, தீர்ந்தது. உள்ளே வரும் எல்லாவற்றையும் இந்த ஆறுக்குள் மாற்றி வையுங்கள். ஆனால் உற்பத்தியாளர் சொன்ன நிலையை அப்படியே எடுக்காதீர்கள். கதவு திறந்திருப்பதை மைனர் என்பார் அவர். ஆளில்லாத காட்டோரத்து டவரில் இரவு இரண்டு மணிக்குக் கதவு திறந்தால், கொஞ்ச நேரத்தில் பற்றரி இருக்காது.

‘தீர்ந்தது’ என்ற செய்தி எந்த எச்சரிக்கையைத் தீர்க்கிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். எழும்போது வந்த அடையாள எண்ணே தீரும்போதும் வருகிறதா என்று முதல் நாளே சோதியுங்கள்.

கரண்ட் போனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வருகிறதே?

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால்தான் நாடு முழுக்க இருண்டது என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். காரணம் ஓரிடம், விளைவு தீவு முழுக்க. கட்டுப்பாட்டறைக்கு வருவது விளைவுகள் மட்டும், அதுவும் ஒழுங்கில்லாமல்.

இதற்கு மருந்து, எது எதில் தொங்குகிறது என்பதை என்எம்எஸ்ஸுக்குச் சொல்லிவைப்பது. ஏ9 வழியே வரும் முதுகெலும்பு இணைப்பிலிருந்து மாங்குளத்தில் ஒரு கிளை பிரிந்து கிழக்கே போகிறது என்று வைப்போம். அந்த மாங்குளக் கிளை அறுந்தால், அதற்குப் பின்னால் உள்ள பத்து டவரும் ‘பேசவில்லை’ என்று தனித்தனியாகக் கத்தக் கூடாது. மாங்குளத்துக்கு ஒரு சீட்டு எழும்ப வேண்டும்; மற்றப் பத்தும் அதன் கீழே அடங்க வேண்டும். அழித்துவிடாதீர்கள், அடக்குங்கள். கிளை சரியான பிறகும் ஒன்று பேசாமல் நின்றால் அதற்கு உண்மையிலேயே வேறு வருத்தம்.

கரண்ட் எச்சரிக்கைக்குக் கொஞ்சம் பொறுமை வைக்கலாம். இரண்டு நிமிடத்தில் வந்துவிடும் கரண்டுக்குச் சீட்டு வேண்டாம். ஆனால் ‘கரண்ட் இல்லை, ஜெனரேற்றரும் ஓடவில்லை’ என்ற சோடிக்குப் பொறுமை வைக்காதீர்கள்.

இரண்டு மென்பொருளிலும் ஒரே சம்பவத்துக்கு ஐந்தரை மணித்தியால வித்தியாசம் காட்டுகிறது.

ஒன்று உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, மற்றது இலங்கை நேரத்தில். சேமிப்பது எல்லாம் பொது நேரத்தில், காட்டுவது மட்டும் உள்ளூர் நேரத்தில் என்று வையுங்கள். எல்லாக் கருவியும் ஒரே என்டிபி சேர்வரிடம் நேரம் கேட்கட்டும். ஜெனரேற்றர்ப் பெட்டிக்கு என்டிபி தெரியாவிட்டால் அதன் நேரத்தை நம்பாமல், செய்தி கேட்வேக்கு வந்த நேரத்தை எழுதுங்கள்.

வன்னியில் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இது விளங்கச் சிரமமில்லை. 1996இல் நாட்டின் மணிக்கூட்டை முன்னே தள்ளினார்கள். 2006 ஏப்ரலில் திரும்ப ஐந்தரைக்கே கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட பத்து வருடமும் வன்னியில் பழைய நேரமே நடந்தது. ‘பத்து மணிக்கு வாங்கோ’ என்றால் ‘பழைய நேரமோ, புது நேரமோ’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவோம். மென்பொருளும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

ரவுட்டர் நிற்கவேயில்லை. ஆனால் ‘மறுதொடக்கம் ஆனது’ என்று எச்சரிக்கை வந்தது.

அது 497 நாள் ஓடியிருக்கும். எஸ்என்எம்பியில் ஓடிய நேரத்தை நொடியின் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணுகிறார்கள். 497 நாளில் எண் நிறைந்து பூச்சியத்துக்கு வரும். போக்குவரத்து எண்ணிகளுக்கும் இதே வருத்தம். 32 பிட் எண்ணி, 100 மெகாபிட் இணைப்பு நிறைந்து ஓடினால் ஆறு நிமிடத்துக்குள், ஒரு கிகாபிட் என்றால் 34 நொடியில் சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்கொரு தடவை கேட்டு வரைந்த கிகாபிட் வரைபடம் வெறும் கற்பனை. 64 பிட் எண்ணியைக் கேளுங்கள். அது எஸ்என்எம்பி முதலாம் பதிப்பில் கிடைக்காது.

எச்சரிக்கையைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்பலாமா?

அனுப்பலாம், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் கணக்குத் தெரிந்து அனுப்புங்கள். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துப் போகும். தமிழ் யுனிகோடில் 70தான். அதிலும் ‘கி’ ஒரு எழுத்தல்ல, இரண்டு. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். ‘கிளிநொச்சி’ என்ற சொல் 10 இடத்தைப் பிடிக்கும். ‘புதுக்குடியிருப்பு’ 18. ஊர்ப் பெயருக்கே கால்வாசி போய்விடும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், துண்டுக்கு 67, ஒவ்வொரு துண்டுக்கும் காசு. ஆகவே டவர் எண், ஊர், என்ன பழுது, எத்தனை மணி. ‘அன்புடையீர்’ வேண்டாம்.

இன்னொன்று. டவர் விழுந்த செய்தியை அந்த டவரின் கீழே நித்திரை கொள்ளும் டெக்னீசியனுக்கு அதே வலையமைப்பில் அனுப்பினால் அது எப்படிப் போகும்? வேறு நிறுவன சிம் ஒன்றையும் பட்டியலில் சேருங்கள். எங்கள் ஆட்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் எடுத்தது.

பாதுகாப்புக்கு என்ன செய்வது?

எஸ்என்எம்பி இரண்டாம் பதிப்பில் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகிறது. அதையும் ‘பப்ளிக்’ என்று வந்தபடியே விட்டுவைப்பவர்கள் அநேகம். மூன்றாம் பதிப்பில் அடையாளமும் மறைகுறியாக்கமும் உண்டு. முடிந்த இடமெல்லாம் அதற்கு மாறுங்கள். ஒவ்வொரு மூன்றாந்தரப்புச் செயலிக்கும் தனிப் பயனர் கொடுங்கள், வாசிக்கும் உரிமை மட்டும். எல்லாருக்கும் ஒரே பயனர் என்றால், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது எல்லாரையும் நிறுத்தாமல் அவரை நிறுத்த முடியாது.

வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பழுதுச் சீட்டோடு வெளிச் செயலிக்குப் போகிறதா என்று பாருங்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்போது இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், டவரில் டீசல் ஊற்றுபவருக்கு யாருடைய வீட்டில் நெட் வரவில்லை என்பது தெரியத் தேவையில்லை.

நாங்கள் சின்ன ஆட்கள். பெரிய என்எம்எஸ் வாங்க வசதியில்லை.

சபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ் இரண்டும் இலவசம், இரண்டும் நல்லவை. ரவுட்டரும் சுவிட்சும் மட்டும் என்றால் லிப்ரேஎன்எம்எஸ் தானாகவே தேடிக் கண்டுபிடித்துவிடும். ஜெனரேற்றர், பற்றரி, மெசேஜ் எல்லாம் சேர்க்க வேண்டுமென்றால் சபிக்ஸ், கற்க நாளெடுக்கும். காசு மிச்சம், நேரம் செலவு.

ஒரு பக்கம் பதிப்பை உயர்த்தியதும் இணைப்பு அறுந்துவிட்டது. யாரைக் கேட்பது?

என்எம்எஸ்காரர் செயலிக்காரரைக் காட்டுவார். செயலிக்காரர் வலையமைப்பைக் காட்டுவார். ஒரு தடவை பதினொரு நாள் மூன்று தரப்பும் மின்னஞ்சலில் ஒன்றையொன்று காட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் காலாவதியான ஒரு ஏபிஐ டோக்கன், அதாவது உள்ளே விடும் அனுமதிச் சாவிதான் காரணம். யாருடையது என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு இரண்டையும் நேராகப் பூட்டுவதை விட்டுவிட்டேன். நடுவில் எங்கள் சொந்த நிரல் ஒன்று நிற்கும். இந்தப் பக்கத்து மொழியை அந்தப் பக்கத்துக்கு மாற்றும், வந்ததையும் போனதையும் நேரத்தோடு எழுதிவைக்கும். சண்டை வந்தால் அந்தப் பதிவைத் திறந்து காட்டுவேன். டோக்கன் காலாவதிக்கு இரண்டு வாரம் முன்னரே அதுவே ஓர் எச்சரிக்கையும் எழுப்பும். ஐந்து நிமிடம் எந்தச் செய்தியும் வராவிட்டாலும் எழுப்பும். அமைதியாக இருக்கிறது என்றால் எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள்தான் எங்களைப் பல இரவு ஏமாற்றியது.

சோதிப்பது எப்படி?

உண்மையான டவரில், பகலில், ஆளை நிறுத்தி. டெக்னீசியன் மெயின் சுவிட்சை இறக்கட்டும். நீங்கள் திரையில் பாருங்கள். கரண்ட் எச்சரிக்கை வந்ததா, எந்த டவரின் பெயரில், எத்தனை நொடியில், சீட்டு ஒன்றா இரண்டா, மெசேஜ் அவர் கைக்கே வந்ததா. பிறகு ஜெனரேற்றரைக் கையால் பூட்டிவைத்துத் தொடங்கவிடாமல் ஒரு தடவை. கதவைத் திறந்து ஒரு தடவை. கடைசியாக லிங்க் கம்பியைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு, திரும்பப் பூட்டி, இடையில் நடந்தவை வந்து சேர்கின்றனவா என்று. ஆய்வுகூடத்தில் போலிக் கருவியோடு செய்த சோதனையில் எல்லாம் சரியாக வரும். பெயர்ப் பிழை மட்டும் அங்கே வராது, ஏனென்றால் அங்கே ஒரு டவர்தான்.

சோதிக்கப் போகுமுன் கட்டுப்பாட்டறைக்குச் சொல்லிவிடுங்கள். நான் ஒரு தடவை சொல்லாமல் செய்து, பரந்தனிலிருந்து டீசல் லொறி வெளிக்கிட்டுவிட்டது.

வீட்டிலிருந்தே பழக வழியுண்டா?

ஒரு மடிக்கணினி, ஒரு பழைய மைக்ரோடிக் ரவுட்டர் போதும். கணினியில் சபிக்ஸ் போடுங்கள், ரவுட்டரில் எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பைத் திறவுங்கள். 1.3.6.1.2.1.1.3.0 என்ற எண்ணைக் கேட்டுப் பாருங்கள், ரவுட்டர் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று சொல்லும். பிறகு கம்பியைப் பிடுங்குங்கள்.